அவித்த எலுமிச்சம்பழம்

இந்தக் கதையை எனக்கு முதலில் சொன்னது, பவானி கூடுதுறையில் எலுமிச்சம்பழத்தைக் கூறு வைத்து விற்கும் பூவாத்தாள் அக்கா. போன வருஷம் மாசி மகத்தன்று ஆற்றில் முழுகி எழுந்து, ஈரச் சேலையோடு ஈசுவரனுக்கு ஒரு பழம் வாங்கப் போனேன். பழத்தை என் கையில் வைத்தவர் தன் கையை எடுக்கவில்லை. என் முகத்தையும் பழத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே நின்றார். "ஏனுங்க்கா?" என்று கேட்டதற்கு, "ஒண்ணுமில்லீங் அம்மிணி, பழைய பழக்கம்" என்றார். அப்புறம் கூட்டம் கரைந்ததும் என்னைப் படியில் உட்காரவைத்து, தன் ஊரில் நடந்ததைச் சொன்னார். அவர் சொன்னபடியே சொல்கிறேன். கூட்டிச் சொன்னால் சங்கமேசுவரர் என்னைக் கேட்கட்டும்.

சங்ககிரிக்கு மேற்கே வெள்ளக்கல்மேடு என்று ஓர் ஊர். கீரை போட்டாலும் முளைக்காத வெள்ளைக் கல்லு பூமி என்பதால் அந்த ஊர் ஆண்கள் எல்லோரும் லாரி ஏறினார்கள், லாரி ஏறியவர்கள் எல்லோரும் வடக்கே போனார்கள், வடக்கே போனவர்கள் திரும்பி வரும் வரைக்கும் அந்த ஊர்ப் பெண்கள் வாசலில் கோலம் போடும்போதுகூட ரோட்டைப் பார்த்துக்கொண்டேதான் போடுவார்கள். மற்ற ஊர்களில் டிரைவரே கடையில் எலுமிச்சம்பழம் வாங்கிச் சக்கரத்துக்கு வைத்து நசுக்கிவிட்டு வண்டியை எடுப்பார். வெள்ளக்கல்மேட்டில் அப்படி இல்லை. வண்டி ஏறுகிறவருக்குப் பெண்டாட்டிதான் தன் கையால் பழம் எடுத்துக் கொடுக்க வேண்டும். பெண்டாட்டி இல்லாதவனுக்குத் தாய் கொடுக்க வேண்டும். தாயும் இல்லாதவனுக்குப் பூவாத்தாள் கொடுப்பார், அதற்குக் காசு வாங்க மாட்டார்.

அந்த ஊரில் தெற்குத் தெருவில் ருக்குமணி என்று ஒருத்தி இருந்தாள். அவள் புருஷன் குழந்தைவேல், சென்னியப்பன் முதலாளியின் வண்டியில் டிரைவர். நாக்பூருக்கு ஜவ்வரிசி ஏற்றிப் போவார், ஆரஞ்சோ பருத்தியோ ஏற்றி வருவார். கிளீனருக்கு ஆள் கிடைக்காத காலம் என்பதால் ஒத்தையாகத்தான் போவார், ஒத்தையாகத்தான் வருவார். ஒரே மகள் கௌசிகா. அவளுக்கு மேட்டுத் தெருவிலேயே மாப்பிள்ளை பார்த்து, அவர்களும் லாரிக்காரர்கள், தை மாதம் கல்யாணம் என்று பேச்சு முடிந்திருந்தது. ருக்குமணி கல்யாணமான நாளிலிருந்து தவறாமல் புருஷனுக்குப் பழம் கொடுத்து வந்தவள். பழத்தைக் கொடுக்கும்போது "மாரியாத்தா, போன கை வெறுங்கையா வந்தாலும் முழுசா வரோணும்" என்று உதட்டுக்குள் சொல்லிக்கொள்வாள், அதுவும் தவறியதில்லை.

அந்த வருஷம் ஆடி நோம்பியன்று, டீக்கடை மாரப்பன் தன் பாய்லருக்குப் பொட்டு வைத்துப் பூசை போடப் பழம் வாங்கினார். மாரப்பன் எந்நேரமும் சிரிக்கிற ஆள், சாவு வீட்டுக்குப் போனாலும் சிரிப்பை அடக்கத் துண்டை வாயில் வைத்துக்கொள்கிற ஆள். பழத்தைக் கைக்குள் மூடிக்கொண்டு சாமி கும்பிட்டுவிட்டு விரலைத் திறந்தார். பழம் சுட்ட கத்தரிக்காய் போலக் கறுத்திருந்தது. பக்கத்தில் டீ வாங்கத் தூக்குப் போசியோடு நின்ற ருக்குமணி அதைப் பார்த்தாள். மாரப்பன் சிரித்தார். "அடுப்புக் கைங்க அம்மிணி, பழம் வெந்திருச்சு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். ஆவணி பிறப்பதற்குள், டீயை ஆற்றிக்கொண்டிருந்த மாரப்பன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பாய்லர் அடியிலேயே சரிந்தார். கடைசி வரைக்கும் அவர் முகத்தில் சிரிப்பு இருந்தது என்று சொல்வார்கள்.

அதற்கப்புறம் இன்னொருவர் கையில் கறுத்தது, அவருக்கு ரத்தக்கொதிப்பு ஏறிக் கண் மங்கியது. இன்னொரு பெண் கையில் கறுத்தது, அவளுக்குச் சர்க்கரை என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். யார் உள்ளுக்குள் எதையோ போட்டுப் புழுங்கிக்கொண்டு வெளியில் காட்டாமல் திரிகிறார்களோ அவர்கள் கையில் பழம் கறுக்கிறது, கறுத்தவர்களுக்குப் பின்னால் உடம்பு விழுகிறது என்பது ஊருக்குப் புரிந்துபோயிற்று. கிணற்றில் தண்ணீர் ஊறுவதற்கு யாராவது ஆச்சரியப்படுகிறார்களா, அது போல வெள்ளக்கல்மேட்டுக்காரர்களும் ஆச்சரியப்படவில்லை. எலுமிச்சம்பழம் அப்படித்தான் என்று ஏற்றுக்கொண்டார்கள், பூவாத்தாள் தினமும் இன்னொரு கூடை கூடுதலாகக் கொண்டுவந்தார்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் நிலோஃபர் என்று ஒரு டாக்டரம்மா இருந்தார், சின்னப் பெண்தான், பொறுமைசாலி. அவர் கறுத்த பழம் பிடித்தவர்களின் எச்சிலைக் குப்பியில் வாங்கிச் சேலத்துக்கு அனுப்பிப் பார்த்தார். பழம் சொன்னதைத்தான் சேலமும் சொன்னது. ஒரு சனிக்கிழமை சந்தையில் மேடை போட்டு அவர் பேசினார், ருக்குமணி வெங்காயப் பையோடு முன்வரிசையில் நின்று கேட்டாள்.

"பயம், கவலை, கோபம் வந்தா உடம்புக்குள்ள ஒரு ஹார்மோன் சுரக்கும். அது கெட்டது இல்லை. காலையில எழுந்து நிக்கறதுக்கே அது வேணும். அதனாலதான் விடிகாலையில யார் பிடிச்சாலும் பழம் கொஞ்சம் மங்கும். ஆனா பொழுது சாயச் சாய அது இறங்கணும். இறங்காம அப்படியே நின்னுட்டா, ரத்தக்குழாய், இதயம், மூளைன்னு ஒவ்வொண்ணா அரிக்கும். எச்சில்ல தெரியும், முடியில தெரியும், வேர்வையில தெரியும். உங்க ஊர்ல பழத்துல தெரியுது. அதனால பொழுது சாஞ்சதும் பிடிச்சுப் பாருங்க."

"அப்ப பழத்தைப் பாத்தே மாத்திரை குடுத்துருவீங்ளா டாக்டரம்மா?" என்று கூட்டத்திலிருந்து ஒருவர் கேட்டார்.

"குடுப்பேன். ஆனா பழம், ஊருக்குள்ள தீப்பிடிச்சிருக்குன்னு மட்டும்தான் சொல்லும். எந்த வீட்டுல, எதனாலன்னு சொல்லாது. அதைக் கேட்டுத் தெரிஞ்சுக்கணும்."

"ஆரைக் கேக்கறதுங்?"

"அவங்களைத்தான்."

கூட்டம் சிரித்துவிட்டது. "இதுக்கு எதுக்குங்க டாக்டருக்குப் படிக்கோணும்?" என்று ஒரு கிழவர் துண்டை உதறினார். ஊசி போடுவார்கள், மருந்து கொடுப்பார்கள் என்று வந்தவர்கள் அவரவர் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்கள். ருக்குமணியும் கிளம்பினாள். டாக்டரம்மா சொன்னது ஊருக்குச் சொன்னது என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

ஊர் அந்த அதிசயத்தைத் தனக்கு வேண்டியபடி வளைத்துக்கொண்டது. வழியில் பார்த்தால் "சௌக்கியமா?" என்று கேட்பது போய் "பழம் எப்படிங்?" என்று கேட்டார்கள். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார் வகுப்புக்குள் வரும் முன்னால் பிள்ளைகள் அவர் கையில் பழத்தைத் திணித்துப் பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தார்கள். மாமியார் கையில் கறுத்தால் மருமகளைத் திட்டினார்கள், மருமகள் கையில் கறுத்தாலும் மருமகளைத்தான் திட்டினார்கள். கல்யாணம் பேசுகிற இடத்தில் வெற்றிலைத் தட்டோடு பழத் தட்டும் வைத்து இரண்டு பக்கத்துத் தகப்பனும் தாயும் ஒருவர் பார்க்க ஒருவர் பிடிக்க வேண்டும் என்று ஆகிவிட்டது. கறுத்த வீட்டில் நோய் இருக்கிறது, நோய் இருக்கிற வீட்டில் பெண் எடுக்கக் கூடாது. எல்லோரும் எல்லோர் கையையும் பார்த்தார்கள். யாரும் யார் முகத்தையும் பார்த்து, "உனக்கு என்னப்பா?" என்று கேட்கவில்லை. எப்படிக் கேட்காமல் இருந்தோம் என்று பூவாத்தாள் அக்கா கேட்டபோது, ஆற்றைப் பார்த்துத்தான் கேட்டார், என்னைப் பார்த்து அல்ல.

சென்னியப்பன் முதலாளி கெட்டவர் இல்லை. அவருடைய டிரைவர் ஒருவர் ஓசூர் ஏற்றத்தில் ஸ்டீயரிங் மேலேயே மயங்கி விழுந்ததிலிருந்து அவருக்குப் பயம். லாரிகள் நிற்கும் தன் செட்டின் வாசலில் ஒரு சட்டம் போட்டார்: பொழுது சாய்ந்து வண்டி கிளம்பும்போது பெண்டாட்டி கொடுக்கிற பழத்தை டிரைவர், கற்பூரம் எரிந்து முடிகிற வரைக்கும் பிடித்துக் காட்ட வேண்டும், கறுத்தால் அந்த நடை இன்னொருவருக்குப் போகும், கறுக்காவிட்டால் அந்தப் பழத்தைக் கயிற்றில் கோத்து முன்கண்ணாடியில் கட்டிக்கொண்டு போகலாம்.

வண்டி ஏறாத டிரைவரை வெள்ளக்கல்மேட்டில் என்னவென்று சொல்வார்கள் தெரியுமா? "வூட்டுக்காவல்" என்பார்கள். வேப்பமரத்தடியில் அப்படி உட்கார்ந்த ஆண்களைப் பார்த்து, பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள் ஹாரன் சத்தம் போட்டுக்கொண்டு ஓடும். அதனால் எந்தப் பெண் முதலில் கண்டுபிடித்தாள் என்று தெரியாது, ஊறுகாய் போடுகிற எவளோ ஒருத்தியாகத்தான் இருக்க வேண்டும், எலுமிச்சம்பழத்தை மஞ்சள் போட்ட வெந்நீரில் ஒரு முக்கு முக்கி எடுத்துவிட்டால் அது யார் கையிலும் கறுக்காது என்ற ரகசியம், அடுப்படிக்கு அடுப்படி, கறிவேப்பிலை கடன் வாங்குகிற சாக்கில் பரவியது. "அவிச்ச பழம் பேசாது" என்று பெண்கள் குசுகுசுத்துக்கொண்டார்கள். ஆனால் தன் வீட்டில் அவிக்கிறேன் என்று ஒருத்தியும் சொல்லவில்லை. யாரோ செய்கிறார்களாம் என்றுதான் ஒவ்வொருத்தியும் சொன்னாள்.

புரட்டாசியில் குழந்தைவேல் வடக்கேயிருந்து வந்தபோது ஆள் ஒரு மாதிரியாக இருந்தார். சாப்பிட்டார், குளித்தார், மகளிடம் நகைக்கடைக் கதையெல்லாம் கேட்டார். ஆனால் லாரி ஒன்று ரோட்டில் பிரேக் பிடித்ததும் கையிலிருந்த சோற்று உருண்டையைத் தட்டிலேயே வைத்துவிட்டார். மறுநாள் பொழுது சாயும்போது ருக்குமணி கறி தாளித்துக்கொண்டிருந்தாள். அவர் அடுப்படி நிலைப்படியில் வந்து சாய்ந்து நின்று, "ஏம்புள்ள ருக்கு, ஒண்ணு சொல்லோணும்" என்றார்.

"சொல்லுங்க மாமா."

"இந்த நடையில ஒரு எடத்துல..."

குக்கர் விசிலடித்தது. ருக்குமணி திரும்பி அடுப்பைக் குறைத்து, பருப்பு பொங்கி வழிந்ததைத் துடைத்து, துணியைப் பிழிந்து போட்டுவிட்டு, "என்னமோ சொன்னீங்ளே?" என்று திரும்பியபோது நிலைப்படியில் யாரும் இல்லை. வாசலில் குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தார். அப்புறம் சொல்வார் என்று விட்டுவிட்டாள்.

அன்றைக்கு ராகுகாலம் கழிந்து மேட்டுத் தெருவிலிருந்து சம்பந்தி வீட்டார் பழம் பிடிக்க வருவதாக இருந்தார்கள். அதற்கு முன்னால் ஒத்திகை பார்ப்போம் என்று அவள் விளையாட்டாகத்தான் அவிக்காத பச்சைப் பழம் ஒன்றை அவர் கையில் வைத்தாள். அவர் மூடித் திறப்பதற்குள் அது கறுத்தது. மாரப்பன் கையில் கறுத்ததைப் போல இல்லை, கரி போல, தொட்டால் விரலில் ஒட்டுகிற கறுப்பாகக் கறுத்தது. இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவள் என்ன கேட்டிருக்க வேண்டும் என்பது இன்றைக்குக் குழந்தைக்கும் தெரியும். அவள் கேட்டது வேறு.

"ஐயோ மாமா, இப்ப என்ன பண்றது? அவிங்க வந்துருவாங்ளே!"

"கௌசிக்குத் தெரியவேண்டாம்" என்றார் அவர். "ஊருல செய்யறாங்களாமா, அப்படிச் செய்யி."

அவள் வெந்நீர் வைத்தாள். மஞ்சள் போட்டாள். சம்பந்தி வீட்டார் வந்தார்கள், தட்டு வைத்தார்கள், இரண்டு வீட்டுத் தகப்பனும் தாயும் பழம் பிடித்தார்கள், எல்லாப் பழங்களும் சாமி படத்துக்கு வைத்த பழம் போல மஞ்சளாகவே இருந்தன. மாப்பிள்ளையின் தகப்பன் மாணிக்கவாசகம், "எங்க வூட்டுலயும் சரி, உங்க வூட்டுலயும் சரி, மனசு தெளிவுங்க சம்பந்தி!" என்று குழந்தைவேலின் தோளைத் தட்டினார். எல்லோரும் கேசரி சாப்பிட்டார்கள். அன்றைக்கு ருக்குமணி மாரியாத்தா கோயிலுக்குப் போய் நெய்விளக்கு ஏற்றி, கல்யாணம் முடியட்டும் தாயே, முடிஞ்சதும் டாக்டரம்மாகிட்டக் கூட்டிட்டுப் போறேன், கல்யாணம் முடியற வரைக்கும் நீ பாத்துக்க என்று வேண்டிக்கொண்டாள். தான் பார்க்க வேண்டியதைச் சாமியைப் பார்க்கச் சொன்னோமே என்று பின்னால் அவள் எத்தனையோ முறை சொல்லி அழுதிருக்கிறாள்.

ஐப்பசியில் அடுத்த நடை வந்தது. "இந்த ஒரு நடை வேண்டாங்களே" என்று அவள் சொல்லத்தான் செய்தாள். "போகாம வூட்டுக்காவலா ஒக்காந்தா ஊரு என்னன்னு கேக்காதா? கண்ணாலம் வெச்சிருக்கிற வூடு" என்று அவர் சொன்னார். அது நியாயமாகத்தான் பட்டது. கிளம்புகிற அன்றைக்கு அடுப்பில் ஒரு பக்கம் அவருக்குக் கட்டிக் கொடுக்கச் சோறு, ஒரு பக்கம் மஞ்சள் வெந்நீர். ஆறிய பழத்தைத் துடைத்து எடுத்து வந்து வாசலில் நின்ற அவர் கையில் வைத்தாள். அவர் பழத்தை வாங்கிக்கொண்டு, பழத்தோடு சேர்த்து அவள் கையையும் பிடித்துக்கொண்டார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் வாசலில் நின்று அவர் அப்படிப் பிடித்தது இல்லை.

"ருக்கு" என்றார். "அதே வழியிலதான் போகோணும்."

"எந்த வழிங்?"

அவர் வாயைத் திறந்தார். உள்ளே குக்கர் விசிலடித்தது. "அய்யோ, சோறு கொழஞ்சிரும்" என்று அவள் கையை இழுத்துக்கொண்டாள்.

இழுத்துக்கொண்டாள், அவ்வளவுதான். அவர் விட்டுவிட்டார். விடுகிற சுபாவம் உள்ள ஆள்.

செட்டில் கற்பூரம் எரிந்து அணைந்தது, பழம் மஞ்சளாகவே இருந்தது, சென்னியப்பன் முதலாளி தானே அதைக் கயிற்றில் கோத்து முன்கண்ணாடியில் கட்டிவிட்டு, "குழந்தைவேலுக்கு என்னைக்கும் தெளிஞ்ச தண்ணியாட்டம் மனசு" என்றார். வண்டி கிளம்பியது.

கர்னூலுக்கு இந்தப் பக்கம், வெயில் ஏறுகிற வேளையில், குழந்தைவேலுக்கு வலது கை மரத்தது. அவர் வண்டியை ரோட்டை விட்டு ஓரமாக இறக்கி, ஹேண்ட்பிரேக்கை இழுத்து, பின்னால் வருகிறவர்களுக்குத் தெரிய நாலு பக்க இண்டிகேட்டரையும் போட்டுவிட்டு, அதற்கப்புறம்தான் சரிந்தார். பின்னால் வந்த நம்மூர் வண்டிக்காரர்கள் பார்த்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். மூளைக்குப் போகிற ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டது. உயிர் இருக்கிறது, வலப்பக்கம் விழுந்துவிட்டது, பேச்சு போய்விட்டது என்றார்கள். வண்டியை வேறொருவர் ஓட்டி வந்து செட்டில் நிறுத்தினார். முன்கண்ணாடியில் அந்த எலுமிச்சம்பழம் அழுகாமல், வாடாமல், மஞ்சள் மாறாமல் ஆடிக்கொண்டிருந்தது. செட்டு வாசலில் நின்று ருக்குமணி அதைப் பார்த்தாள்.

கல்யாணம் நின்றுபோகும் என்று அவள் நினைத்தாள். எதற்காக அவித்தேனோ அதுவே போகட்டும், எனக்கு அதுதான் தண்டனை என்று காத்திருந்தாள். சம்பந்தி வீட்டார் வந்தார்கள், தட்டு இல்லாமல், பழம் இல்லாமல் வந்தார்கள். மாணிக்கவாசகம் கட்டிலருகே உட்கார்ந்து குழந்தைவேலின் காலைப் பிடித்துவிட்டார். அவர் பெண்டாட்டி, ருக்குமணியைக் கொல்லைப்புறம் கூட்டிப் போய், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"தை மாசமே வெச்சுக்கலாம் சம்பந்தியம்மா. அவரைச் சேர்ல ஒக்கார வெச்சுக் கண்ணாலத்தைப் பண்ணலாம். உங்ககிட்ட ஒண்ணு சொல்லோணும், அன்னைக்கு எங்க வூட்டுக்காரர் புடிச்சதும் அவிச்ச பழந்தானுங்."

ருக்குமணி அவள் முகத்தையே பார்த்தாள்.

"அவருக்கு எப்பவுமே கறுக்குதுங். எனக்கும் கறுக்குதுங். உங்க வூடு தெளிஞ்ச வூடு, எங்களைத் தட்டி விட்டுருவீங்களோன்னு பயந்துட்டு..."

"நானும் அவிச்சுத்தானுங் குடுத்தேன்" என்றாள் ருக்குமணி.

இரண்டு பெண்களும் துணி துவைக்கிற கல்லின் மேல் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்கள். ருக்குமணிதான் கேட்டாள், அந்த ஊரில் அந்தக் கேள்வியை முதலில் கேட்டவள் அவள்தான்: "உங்களுக்கு எதனாலங்க கறுக்குது?" அந்த அம்மாள் சொல்லச் சொல்ல இவள் கேட்டாள். அது என்னவென்று பூவாத்தாள் அக்காவிடம் ருக்குமணி சொல்லவில்லை, அது நமக்கு வேண்டாம். கேட்டு முடித்தபோது விளக்கு வைக்கிற நேரம் ஆகியிருந்தது.

கல்யாணம் முடிந்து கௌசிகா மேட்டுத் தெருவுக்குப் போனாள். வீட்டில் இரண்டு பேர்தான். ருக்குமணி தினமும் பொழுது சாய்ந்ததும் முகம் கழுவி, திருநீறு பூசி, பூவாத்தாளிடம் வாங்கிய பச்சைப் பழத்தைக் குழந்தைவேலின் இடது கையில் வைத்து, அவர் எதிரே தரையில் உட்கார்ந்துகொள்வாள். அந்நேரத்தில் அடுப்பை மூட்டவே மாட்டாள். "சொல்லுங்க மாமா" என்பாள். அவர் உதடு அசையும். "ம்... ம்..." என்று வரும், அதற்கு மேல் வராது. அவர் கண்ணில் தண்ணீர் வரும். பழம் கறுக்கும்.

ஒரு நாள் அவளுக்கு ஒரு யோசனை வந்தது. வடக்கே போகிற டிரைவர்களிடம் போய், வழியில் என்னென்ன ஊர் என்று கேட்டுக் கேட்டு மனப்பாடம் செய்தாள். பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடுகூட ஒழுங்காகச் சொல்லாதவள், சாமிக்குப் போற்றி சொல்வது போல அந்த ஊர்களைச் சொல்லக் கற்றுக்கொண்டாள். தருமபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர், பெங்களூரு, சிக்பள்ளாபூர், அனந்தப்பூர், கர்னூல் என்று, அவரைச் சொல்லச் சொல்லி நெருக்காமல், தானே ஒவ்வொன்றாகச் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் நிறுத்தி, பழத்தைப் பார்ப்பாள். பழம் மஞ்சளாகவே இருக்கும். ஐதராபாத், நிசாமாபாத் என்பாள். மஞ்சளாகவே இருக்கும். "நிர்மல்" என்றாள். அவர் விரல்கள் பழத்தை இறுக்கின. "நிர்மல் தாண்டி மலையெறக்கம்" என்றாள். பழம் அவள் கண் முன்னாலேயே, காம்பிலிருந்து அடி வரைக்கும், மை ஊற்றினாற்போலக் கறுத்தது.

"அங்கீங்ளா மாமா? அந்த எறக்கத்துலீங்ளா?"

அவர் கண்ணை மூடித் திறந்தார்.

"என்னங் நடந்துச்சு? ஆராச்சும் குறுக்க வந்தாங்ளா? நீங்க இடிச்சுட்டீங்ளா? அடிபட்டுக் கெடந்தவங்களைப் பாத்தீங்ளா? நிறுத்தாம வந்துட்டீங்ளா?" அவள் கேட்கக் கேட்க அவர் தலை ஆமாம் என்றும் ஆடவில்லை, இல்லை என்றும் ஆடவில்லை. பழம் ஏற்கனவே கறுத்துவிட்டது, அதற்கு மேல் கறுக்க அதற்கு இடமில்லை. எதனால் என்று பழம் சொல்லாது என்று டாக்டரம்மா சொன்னது அவளுக்கு அப்போதுதான் கேட்டது.

வண்டிக்காரர்களை அனுப்பிப் பார்க்கச் சொன்னாள். அவர்கள் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "ஒண்ணுமே இல்லீங்க்கா. ஒரு வளைவு, ஒரு புரச மரம், கொரங்குக. அக்கம்பக்கத்துல விசாரிச்சோம், பாஷையும் சரியாத் தெரியல, ஆருக்கும் ஒண்ணும் தெரியல" என்றார்கள்.

"ஒண்ணுமில்லாத எடத்துக்கா பழம் கறுக்கும் சாமி?" என்றாள் அவள். "அந்த எடம் வந்தா வண்டியை நிறுத்தி ஒரு பாட்டில் தண்ணி ஊத்திட்டுப் போங்க. என்ன நடந்துச்சோ, ஆருக்கு நடந்துச்சோ, அவிங்களுக்குத் தாகம் தீரட்டும்."

வெள்ளக்கல்மேட்டு வண்டிகள் அன்றிலிருந்து நிர்மல் மலையிறக்கத்தில் நின்றுதான் போகின்றன. எதற்கு என்று தெரியாமலே மற்ற ஊர் வண்டிகளும் அவர்களைப் பார்த்து நிற்கத் தொடங்கின. புரச மரத்தடியில் மண் எப்போதும் ஈரமாக இருக்கிறது, அங்கே யாரோ சூலம் ஒன்றும் நட்டுவிட்டார்கள் என்று சொல்கிறார்கள். அதற்கப்புறமும் குழந்தைவேலின் கையில் பழம் கறுக்கத்தான் செய்தது. முன்னைப் போலச் சட்டென்று கறுக்காமல், மெதுவாக, வெயில் தாழ்வது போலக் கறுத்தது. அடுத்த கார்த்திகையில் ஒரு காலை, அவள் தண்ணீர்ச் சொம்போடு வந்து பார்த்தபோது அவர் போயிருந்தார். கையில் பழம் இல்லை. அதனால் கடைசியில் அது எந்த நிறத்தில் இருந்திருக்கும் என்று அவளுக்குத் தெரியாது.

அந்த அதிசயம் எப்போது அந்த ஊரை விட்டுப் போயிற்று என்றும் யாருக்கும் தெரியாது. அதற்குள் பச்சைப் பழம் பிடிக்கிறவர்களே இல்லாமல் போயிருந்தார்கள். செட்டு வாசலில் கற்பூரம் இன்றைக்கும் எரிகிறது, மஞ்சள் பழங்கள் முன்கண்ணாடிகளில் ஆடிக்கொண்டு வடக்கே போகின்றன. ருக்குமணி மட்டும் பொழுது சாய்ந்ததும் ஒரு பச்சைப் பழத்தைத் தன் கையிலேயே வைத்துக்கொண்டு அந்த ஊர்ப் பெயர்களைச் சொல்கிறாளாம். பழம் மஞ்சளாகவே இருக்கிறதாம். "எம்மனசு ஆறிப்போச்சா, பழம் பேசறதை நிறுத்திக்கிச்சான்னு தெரியலீங்க்கா" என்று பூவாத்தாளிடம் கேட்டாளாம். அந்த ஊரில் இருக்கப் பிடிக்காமல் பூவாத்தாள் அக்கா கூடுதுறைக்கு வந்து கடை போட்டுவிட்டார்.

சொல்லி முடித்துவிட்டு அவர் என் கையிலிருந்த பழத்தை ஒருமுறை பார்த்தார், மஞ்சளாகத்தான் இருந்தது. "பழத்தை நம்பாதீங்க அம்மிணி" என்று சொல்லி, என்னிடம் ஒன்று கேட்டுக்கொண்டார். அதையே நான் உங்களிடம் கேட்டுக்கொள்கிறேன், பெரிதாக ஒன்றும் இல்லை. உங்கள் வீட்டில் யாராவது நிலைப்படியில் வந்து நின்று "ஒண்ணு சொல்லணும்" என்று ஆரம்பித்தால், முதலில் அடுப்பை அணைத்துவிடுங்கள்.